வற் கோவையை வேறொருவரிடம் கொடுத்திருப்பவர்களுக்கு: எங்கள் 30 நாள் போன விதம்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் நானும் இவரும் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறோம். நிலாவெளி ஹோட்டல் வேலைகளுக்குச் சீமெந்தும் பைப்பும் எங்களிடமிருந்தும் போகும். 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. பதிவு எல்லையும் ஆண்டுக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாக இறங்கியது. நாங்களும் அதற்குள் வந்துவிட்டோம்.

நகரத்துக்குள் வரிக்கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் எங்கள் வற் கோவையை, அதாவது பைலை, கொடுத்தோம். "நீங்க வியாபாரத்தைப் பாருங்க தங்கச்சி, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். முதல் இரண்டு காலாண்டும் ஒழுங்காகத்தான் செய்தார். மூன்றாவது காலாண்டுக்கு, "வங்கியில நானே கட்டிவிடுறன்" என்று சொல்லி 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவைக் காசாக வாங்கிக்கொண்டார். கட்டிய துண்டை நாங்கள் கேட்கவில்லை.

போன ஜூலையில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் கடைக்கு வந்தார். அந்தக் காலாண்டுக்குப் படிவமே போகவில்லையாம். அதனால் விற்பனையை உத்தேசமாக எடுத்து 11 இலட்சத்துக்கு மேல் மதிப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் கொள்முதலில் கட்டிய வற் ஒரு சதம்கூட அதில் கழியவில்லை. கட்டாத வரிக்கு 10 வீதமும், பிறகு மாதத்துக்கு 2 வீதமுமாகத் தண்டமும் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரமே கணக்குப் பார்த்தவரிடம் போனேன்.

"அது சும்மா ஒரு மதிப்பீடு தங்கச்சி. திணைக்களமே வருசக்கணக்கா மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டுதான் இருக்கும். நமக்கும் அவ்வளவு நாள் இருக்கு."

"உண்மையா அண்ணன்?"

"சட்டம் அப்படித்தான்."

இரண்டு கிழமை அதை நம்பினேன். பிறகு, வரி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி ஒருவர்தான் விளக்கினார். 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க வற் சட்டத்தில் 33ஆம் பிரிவு சொல்லும் வருடக் கணக்கு திணைக்களத்துக்குப் போட்ட கட்டுப்பாடு. கொடுத்த படிவத்தின் மேல் அதற்குப் பிறகு புதிய மதிப்பீடோ மேலதிக மதிப்பீடோ செய்ய முடியாது. மோசடி, வேண்டுமென்று வரி ஏய்த்தது என்றால் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. வரி கட்டுகிறவருக்கு உள்ளது 34ஆம் பிரிவு. மதிப்பீட்டு அறிவித்தல் சேர்ப்பிக்கப்பட்டு 30 நாளுக்குள், காரணங்களை எழுதி உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தொகை பிழையாக இருந்தாலும் அந்த மதிப்பீடு இறுதியாகிவிடும். கணக்குப் பார்த்தவர் 33ஐக் காட்டி எங்கள் 34ஐ மறைத்திருக்கிறார்.

அறிவித்தல் எங்களுக்கு வரவேயில்லையே என்றேன். பதிவு விபரத்தை எடுத்துப் பார்த்தோம். தபால் முகவரி கணக்குப் பார்த்தவருடைய அலுவலகம், தொலைபேசியும் அவருடையது.

கோவையைத் திருப்பி வாங்க இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேசை லாச்சியிலிருந்து கோவைக் கட்டை எடுத்துத் தந்தார். நடுவில் பதிவுத் தபால் கவர், மார்ச் 10 முத்திரை. ஓரத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார். உள்ளே அறிவித்தலின் மேல் மூலையில் பென்சிலால் 10/4 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அவருடைய கையெழுத்துத்தான். கடைசி நாள் எது என்று தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். இவர் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. படிவம் கொடுக்காததால் வந்த மதிப்பீட்டுக்கு மேன்முறையீடு செய்வதென்றால், அந்தப் படிவத்தையும் சேர்த்துக் கொடுத்து, அதன்படி வரும் வரியையும் கட்ட வேண்டும். அதைச் செய்யப் போனால் எங்கள் 3 இலட்சத்து 40 ஆயிரம் எங்கே என்ற கேள்வி அன்றே வந்திருக்கும்.

நாட்டில் இல்லாதது, நோய், வேறு நியாயமான காரணம் என்றால் ஆணையாளர் நாயகம் காலத்தை நீட்டிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வாசலில்தான் இப்போது நிற்கிறோம். படிவத்தைக் கொடுத்தோம். வரியை இரண்டாம் முறை, இந்தத் தடவை எங்கள் கையாலேயே கட்டினோம். அந்தக் கவரின் பிரதியையும் மனுவோடு இணைத்தோம். கணக்குப் பார்த்தவர்மேல் பொலிஸில் முறைப்பாடும் போட்டிருக்கிறோம்.

கோவையை யாரிடமாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே உங்கள் பதிவில் யாருடைய முகவரியும் நம்பரும் இருக்கிறது என்று பாருங்கள். வரியை நீங்களே வங்கியில் கட்டுங்கள், துண்டு உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து அடுத்த மாதக் கடைசிக்குள் படிவம் போக வேண்டும். போனதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். அறிவித்தல் வந்தால் கவரை எறியாதீர்கள், முத்திரைத் திகதி தேவைப்படும். கொடுத்த படிவத்தை மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவர் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

இதை எழுதக் காரணம், அவருடைய போர்ட் இன்னும் தொங்குகிறது. போன கிழமையும் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் கையில் பைலோடு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மனுவுக்குப் பதில் வந்ததும் அதையும் எழுதுகிறேன்.