கையைத் தூக்காத பிள்ளைகளும் நாற்பது அட்டைகளும்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலப் பேச்சே கிடையாது. காதில் விழுவதெல்லாம் டிவி விளம்பரமும் கிரிக்கெட் வர்ணனையும்தான். 2019 ஜூனில் செல்போன் செயலிகளை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். கொரோனாவில் பூட்டிய பள்ளி எங்கள் வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளி போக மற்ற வருடங்களில் எது நின்றது, எது உதிர்ந்தது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் உதிர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் பதில் அழுத்தினால் கூடுதல் புள்ளி தரும் வினாடி வினாச் செயலி ஒன்றோடுதான் ஆரம்பித்தேன். பெயர் வேண்டாம், அந்த ரகத்தில் நிறைய இருக்கின்றன. பாட்டு, கவுண்ட்டவுன், முதல் மூன்று இடம் என்று முதல் மாதம் வகுப்பே திருவிழாவாக இருந்தது. மூன்றாவது மாதம் உட்கார்ந்து கவனித்தேன். யாருமே கேள்வியைப் படிக்கவில்லை. சிவப்பா, நீலமா என்று குத்துமதிப்பாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கணினி அறையில் நாலு பேருக்கு ஒரு மவுஸ். மவுஸைப் பிடித்தவன் ராஜா, மற்ற மூவரும் வேடிக்கை. மேடை ஏறிய மூன்று பேரும் எப்போதும் அதே மூன்று பேர். ஆறாவது மாதம் கடைசி பெஞ்சிலிருந்து, "இன்னைக்கும் அதுவா சார்?" என்று ஒரு குரல் வந்தது. அன்றோடு நிறுத்தினேன்.

பாடநூலில் 2018-லிருந்து வரும் க்யூஆர் குறிகளையும் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தேன். பார்ப்பார்கள், சிரிப்பார்கள், மணி அடிக்கும். கெடுதல் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

இன்றுவரை நிற்பது பிளிக்கர்ஸ் என்ற வினாடி வினாச் செயலி. பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதில் க்யூஆர் குறி போல ஒரு கறுப்பு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் செல்போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு வீசு வீசினால், யார் என்ன சொன்னார்கள் என்று என் திரையில் பச்சையும் சிவப்பும் விழுந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. நாற்பது அட்டைக் கட்டும் உண்டு, அறுபத்து மூன்று பேர் வரைக்குமான கட்டும் உண்டு. கோப்பு இலவசம். ஜெராக்ஸ் கடையில் பக்கம் இரண்டு ரூபாய் வீதம் எடுத்துச் சார்ட் அட்டையில் ஒட்டிக்கொண்டேன்.

ஆசைப்பட்டு லேமினேட் செய்தது என் தப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமராவுக்கு வடிவம் தெரியாது. இரண்டாம் முறை வெறும் அட்டையோடு விட்டேன். அடுத்த தொல்லை விரல். நடு வடிவத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். "ஓரத்தைப் புடிடா, ஓரத்தை" என்று ஒரு வாரம் கத்த வேண்டியிருந்தது.

ஆனால் முதல் வாரமே என் முகத்தில் அறைந்தது இந்த அட்டை. அதற்கு முன் கேள்வி கேட்டால் ஆறு கைகள் உயரும், பதில் சரியாக வரும், நானும் திருப்தியாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அன்று கேட்டது 'டிட் ஷீ கோ', 'டிட் ஷீ வென்ட்', இரண்டில் எது சரி என்று. முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தேழு சிவப்பு. யோசித்தால் பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை. 'போனாள்' என்பதோடு ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் 'போனாளா?' கேள்வியாகிவிடுகிறது. இறந்தகாலம் வினைச்சொல்லை விட்டு நகர்வதே இல்லை. ஆங்கிலத்தில் அது 'டிட்'டுக்குத் தாவிவிடுகிறது என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். கூச்சம்தான். தப்பாகச் சொன்னால் இடைவேளை முழுக்க அதே சொல்லைச் சொல்லிக் கேலி நடக்கும். அட்டையில் தப்பு செய்தால் எனக்கு மட்டும்தான் தெரியும். இதைப் புரிந்துகொண்ட பிறகு மதிப்பெண் பட்டியலைச் சுவரில் காட்டுவதையே விட்டுவிட்டேன்.

கூகுளின் வாசிப்புப் பயிற்சிச் செயலியான ரீட் அலாங் எனக்குப் பிடித்ததும் அதே காரணத்துக்காகத்தான். 2019-ல் போலோ என்ற பெயரில் வந்தபோதே பழைய போன் ஒன்றில் ஏற்றி வைத்தேன். பிள்ளை உரக்கப் படிக்கும், தியா என்ற பொம்மைப் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள், தடுக்கிய சொல்லை எடுத்துக் கொடுப்பாள். கதைகளை இறக்கி வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. வகுப்புக்குள் இது நடக்காது. மேலே ஃபேன் சத்தம், பக்கத்து அறையில் வாய்ப்பாடு. வேப்ப மரத்தடிக்கு ஒவ்வொருவராக அனுப்பினேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தியாவிடம் அரை மணி நேரம் படித்துவிட்டு வந்து, "அது திட்டவே மாட்டேங்குது சார்" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

மூன்றாவது கருவி எந்தக் கடையிலும் வாங்க வேண்டாதது: போனில் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவு. வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு நிமிடம், ஆங்கிலத்தில் எதையாவது பேசவேண்டும். ஆடு, அத்தை கல்யாணம், எதுவானாலும் சரி. பதிவு எண்ணையும் தேதியையும் போட்டுச் சேமிப்பேன். 'புக்கு', 'பெட்டு', 'கேட்டு' என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டுவதை நான் நூறு முறை திருத்தியும் போகவில்லை. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை, குற்றியலுகரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தங்கள் குரலைத் தாங்களே கேட்டபோது பலர் அதை என்னைவிட முன்னதாகக் கண்டுபிடித்தார்கள்.

போன மார்ச்சில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, அவனுடைய ஜூன் மாதப் பதிவைக் காதில் மாட்டிவிட்டேன். பதினோரு விநாடி பேச்சு, மீதி மௌனம், நடுவில் ஒரு மூக்குறிஞ்சல். "இது நானா சார்? அழுவுற மாதிரி பேசியிருக்கேன்" என்றான். பிறகு, "அழிச்சிருங்க சார்" என்றான். சரி என்றேன். மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே வந்து நின்றான்.

"அழிச்சிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லடா."

"எங்கம்மா கேக்கணுமாம்."

இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு விஷயம். பெற்றோரிடம் கேட்காமல் குரலைப் பதிவு செய்யாதீர்கள். வருடக் கடைசியில் யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். மற்றபடி எனக்கு இதுவரை ஆன செலவு ஜெராக்ஸும், ஒரு இயர்போனும், நிரம்பிப்போன ஒரு மெமரி கார்டும். இந்த ஜூனுக்குச் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கப் பார்க்கிறேன், அந்த ஃபேனோடு இனிமேலும் போராட முடியாது.