உங்கள் வயலை எந்தச் சட்டம் எடுக்கிறது? மூன்று நில எடுப்புச் சட்டங்கள், ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் நிலத்தை அரசு எடுக்க வந்தால், பெரும்பாலும் மூன்று சட்டங்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரும். ஒன்று, 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம். இரண்டு, 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். மூன்று, சிப்காட் போன்ற திட்டங்களுக்குப் பயன்படும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம்.

நோட்டீஸ் வந்ததும் ஊரில் எழும் முதல் கேள்வி, "ஏக்கருக்கு எவ்வளவு தருவான்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையில் இந்த மூன்றுக்கும் இன்று பெரிய வேறுபாடு இல்லை. "இந்த நிலம்தான் வேண்டுமா, வேறு இடமே இல்லையா?" என்று அரசு தன்னைத்தானே கேட்டாக வேண்டுமா என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பணத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2013 சட்டப்படி சந்தை மதிப்பைக் கண்டுபிடித்து, கிராமப்புறமாக இருந்தால் 1 முதல் 2 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கி, மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைச் சேர்த்து, அதற்குச் சமமான இன்னொரு தொகையை ஆறுதல் தொகையாகத் தர வேண்டும். 10 லட்சம் மதிப்புள்ள வெறும் நிலத்துக்குக் காரணி 1 என்றால் 20 லட்சம், 2 என்றால் 40 லட்சம். சந்தை மதிப்புக்குத் தனியாக ஆண்டுக்கு 12 சதவீதம் உண்டு. நெடுஞ்சாலைச் சட்டத்தில் இந்த ஆறுதல் தொகை இல்லாமல் இருந்தது. 2015இல் வந்த மத்திய அரசு ஆணை 2013இன் இழப்பீட்டு முறையை அதற்கும் நீட்டித்தது. பழைய வழக்குகளில் சிக்கியிருந்தவர்களுக்கு 2019இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் மாநிலத் திருத்தத்தின் மூலம் அதே இழப்பீட்டு முறை வந்துவிட்டது.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சந்தை மதிப்பு என்பது பத்திரப் பதிவுக்கு அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு, அல்லது அக்கம்பக்கத்தில் மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி, இவற்றில் எது கூடுதலோ அது. முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து குறைத்துப் பதிவு செய்யும் பழக்கமுள்ள ஊரில் இரண்டுமே குறைவாகத்தான் இருக்கும். எந்தச் சட்டத்தில் எடுத்தாலும் இந்த அடி விழும்.

இனி நடைமுறை. இங்கேதான் 2013 சட்டத்தின் அருமை தெரிகிறது. அறிவிக்கை வெளியிடும் முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். ஊராட்சியைக் கலந்தாலோசித்து, பாதிக்கப்படும் பகுதியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். எடுக்கும் பரப்பு திட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுதானா, மாற்று இடம் பார்க்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கு அந்த அறிக்கை பதில் சொல்லியாக வேண்டும். பிறகு ஏழு பேர் கொண்ட நிபுணர் குழு அதை ஆராயும். அதில் இரண்டு பேர் உள்ளாட்சிப் பிரதிநிதிகள். திட்டத்தைக் கைவிடலாம் என்று அந்தக் குழு சொல்லலாம். மீறுவதென்றால் அரசு காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும்.

பத்தாவது பிரிவுதான் என்னைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் உயிர். பாசன வசதியுள்ள, ஒரு போகத்துக்கு மேல் விளையும் நிலத்தை, வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் தொட வேண்டும். அப்படி எடுத்தால், அதே அளவு தரிசு நிலத்தைச் சாகுபடிக்குத் தயார் செய்ய வேண்டும், அல்லது நிலத்தின் மதிப்புக்கு ஈடான தொகையை வேளாண்மை மேம்பாட்டுக்குக் கட்ட வேண்டும். சாலை, ரயில் பாதை, கால்வாய், மின்தடம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

இந்தச் சட்டத்தையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட முடியாது. 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் என்று மேடைகளில் பேசுகிறார்களே, அது தனியார் நிறுவனத்துக்காக எடுக்கும்போது மட்டும்தான். அரசு–தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70. அரசு தன் பயன்பாட்டுக்கே எடுத்தால் சம்மதம் தேவையில்லை.

நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு வாருங்கள். நிலத்தை எடுக்கும் எண்ணத்தைச் சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். (2013 சட்டத்தில் இதற்கு 60 நாட்கள்.) அடுத்து, எடுப்பதை உறுதி செய்யும் 3டி பிரிவு அறிவிக்கை அரசிதழில் வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். தொகை முடிவாவது அதற்குப் பிறகுதான். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை வழக்கில், சுமார் 277 கிலோமீட்டருக்கான நில எடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில், நில எடுப்பு அறிவிக்கைக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை, பணியைத் தொடங்கும் முன் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டது. நிலம் கைமாறிய பிறகு 'இந்த வழியில் சாலை போகலாமா' என்று ஆராய்ந்தால், அதற்கு யார் 'கூடாது' என்று பதில் சொல்வார்கள்?

1997 சட்டம் இன்னும் சுருக்கம். நில உரிமையாளரிடம் காரணம் கேட்டு ஒரு நோட்டீஸ், விசாரணை, அப்புறம் அரசிதழ் அறிவிப்பு. அவ்வளவுதான். தாக்க மதிப்பீடும் இல்லை, நிபுணர் குழுவும் இல்லை, பத்தாவது பிரிவும் இல்லை. 2013 சட்டத்தின் நடைமுறையிலிருந்து இப்படித் தரப்பட்ட விலக்கு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. சட்டமன்றம் அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றி மீட்டெடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் எடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ்தான். ஏகனாபுரம் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. 2013 சட்டத்தில் தாக்க மதிப்பீட்டின்போது ஊராட்சியைக் கலந்தாலோசிப்பதும் கிராம சபைக்குப் பிரதிநிதித்துவம் தருவதும் கட்டாயம். 1997 சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஏரியும் வரத்துக்கால்வாயும் நஞ்சையும் பின்னிக் கிடக்கும் ஒரு நிலப்பரப்பை இப்படி எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சொந்த நிலம் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குத்தகைதாரர், விவசாயக் கூலி, அந்தப் பகுதியில் மூன்று ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துபவர் எல்லோரையும் 2013 சட்டம் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. வேலை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்று மறுவாழ்வு அட்டவணையில் இருக்கிறது. அட்டவணை மற்ற இரண்டுக்கும் நீட்டிக்கப்பட்டதுதான். ஆனால் யார் யார் என்று முன்கூட்டியே கணக்கெடுக்கும் தாக்க மதிப்பீடு அங்கே இல்லாததால், பட்டாவில் பெயர் இல்லாதவர் எளிதாக விடுபட்டுப் போகிறார்.

ஆக, தேர்வு செய்யும் உரிமை இருந்தால் 2013 சட்டத்தைத்தான் எந்த விவசாயியும் கேட்பார். அந்த உரிமை அவரிடம் இல்லை. நோட்டீஸின் தலைப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். கெடு அதிலிருந்துதான் ஓடுகிறது. ஆட்சேபணையை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இரண்டு போகம் விளைவதைக் காட்டும் அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல், கிணறு, மரங்களின் எண்ணிக்கை, கால்வாய் செல்லும் புல எண் ஆகியவற்றை இணையுங்கள். குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரின் பெயரையும் அதிலேயே எழுதுங்கள்.