சோவில் தொடங்கும் பெயருக்கு 750 ரூபா

தங்கைக்குப் பெண் பிள்ளை, அசுவினி நட்சத்திரம். ஐயர் சு, சே, சோ, லா என்று நாலு எழுத்தைத் துண்டில் எழுதித் தந்துவிட்டார். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குள் பெயர் பார்க்க வேண்டும், சோபனாவும் சோபிகாவும் ஒட்டுசுட்டானில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள், அதனால்தான் நட்சத்திர எழுத்துப்படி பெயர் தரும் செயலி ஒன்றுக்கு 750 ரூபா கட்டினேன்.

சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் திறக்கிறது, அது நல்லது. சரி, பெயர்கள்?

சோ வரிசையில் 'சோச்சில், சமஸ்கிருதம், தேவலோக மலர்' என்று ஒன்று. தங்கைக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்குத்தான் அந்தச் 'ச்சில்' இடித்தது, தேடிப் பார்த்தால் அது மெக்சிக்கோவின் நாவாட்டல் மொழிச் சொல். பூ என்பது சரி. தேவலோகம் செயலிக்காரரின் சொந்தச் சரக்கு.

உண்மைக் கதை அதைவிட நல்லாயிருக்கிறது. அந்த மொழி பேசிய பழைய அசுத்தெக்கர்களும் நாள் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களாம்: 20 நாட்குறிகள், 1 முதல் 13 வரை எண்கள், இரண்டும் சேர்ந்து சுற்றிவர 260 நாள். 20ஆவது குறிதான் பூ. பிறந்த நாளின் எண்ணும் குறியுமே பிள்ளைக்குப் பெயர். நாள் கூடாதென்றால் நாள் பார்ப்பவர் பெயர் வைப்பதைத் தள்ளிப் போடுவார் (எங்கள் ஐயரைப் போலவே). 15ஆம் நூற்றாண்டில் மகுயில்சோச்சிட்சின் என்று ஒரு பெண் கவி இருந்தார், அந்தப் பெயருக்குள் இருப்பது 'ஐந்து பூ'. சோச்சில் இன்றைக்கும் பழக்கத்தில் உள்ள பெயர்தான், 2024இல் மெக்சிக்கோ ஜனாதிபதித் தேர்தலில் சோச்சில் கால்வெஸ் என்பவர் போட்டியிட்டுத் தோற்றார். இவ்வளவும் கிடக்க, சமஸ்கிருதம் என்று ஒரு பொய்யை ஒட்டிக் காசுக்கு விற்கிறார்கள். மற்றப் பெயர்களின் அர்த்தத்தை இனி எப்படி நம்புவது? பிழையை எழுதி அனுப்பினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது, பட்டியல் அப்படியே இருக்கிறது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் சிக்னலுக்காக.

கதையைக் கேட்ட பிறகு தங்கைக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. அம்மாதான் நிறுத்தினார். "பிள்ளையைச் சோச்சி சோச்சி எண்டு கூப்பிட்டால் அது சோறு தரப்போறியள் எண்டெல்லோ வாயைத் திறக்கும். பூ எண்டால் பூவெண்டே கூப்பிடுங்கோவன்."

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் சோபிதா. வீட்டில் பூக்குட்டி.