ஸ்வீடனில் முன்னோரைத் தேட: வீட்டுப் பதிவேடா, பிறப்புப் பதிவேடா?

ஸ்வீடனில் குடும்ப வேர் தேடுபவருக்குக் கைகொடுப்பவை தேவாலயப் பதிவேடுகள். 1686-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அவற்றை எழுதிவைக்கச் சொன்னது. அவற்றில் இரண்டுதான் முதலிடத்துக்குப் போட்டி போடுகின்றன: வீட்டுப் பதிவேடு, பிறப்புப் பதிவேடு. என்னைக் கேட்டால் வீட்டுப் பதிவேட்டில் தொடங்குங்கள் என்பேன். ஆனால் பிறந்த தேதிக்கு அதை நம்பாதீர்கள்.

போதகர் ஊர் மக்களைக் கூட்டி, வாசிக்கத் தெரிகிறதா, லூத்தரின் சிறு ஞானோபதேசம் (கேள்வி பதிலாக அமைந்த சமயப் பாடம்) மனப்பாடமா என்று சோதித்து எழுதியதுதான் வீட்டுப் பதிவேடு. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு பண்ணை வீடே அங்கே இருக்கும். மேலே குடியானவர், கீழே மனைவி, பிள்ளைகள், அப்புறம் பண்ணையாள், வேலைக்காரப் பெண், வயதான தாய். எதிரே பிறந்த நாள், பிறந்த ஊர், எங்கிருந்து வந்தார், எங்கே போனார், அம்மை குத்தியாயிற்றா என்பதெல்லாம் வரும். ஒரே புத்தகம் பெரும்பாலும் ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு ஓடும்.

அதற்குள் யாராவது இறந்தாலோ ஊர் மாறினாலோ பெயர் மேல் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் பிழைத்திருத்தம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அது பெரிய இழப்பு. அடித்த பெயரின் வரியிலேயே அவர் போன ஊரையும் ஆண்டையும் பல நேரம் குறித்திருப்பார்கள். அங்கே ‘என். ஆம்.’ (N. Am.) என்று இருந்தால் வட அமெரிக்கா. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் அப்படிக் கப்பலேறினார்கள்.

பிறப்புப் பதிவேடு ஒருவரின் ஒரு நாளை மட்டும் சொல்லும். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பெற்றோர், சில இடங்களில் தாயின் வயது, சாட்சிகள். சாட்சிகளைத் தவற விடாதீர்கள். மாமாவோ அத்தையோ அங்கே நிற்க வாய்ப்பு அதிகம். தாயின் பெயர் சரியாக இல்லாத பழைய பதிவுகளில் அவள் பிறந்த வீட்டுக்கு அந்த வரிதான் வழி.

சரி, இதையே முதலில் ஏன் எடுக்கக் கூடாது? பெயர்தான் காரணம். கார்ல் ஆண்டர்சனின் மகன் கார்ல்சன் ஆவான், மகள் கார்ல்ஸ்டொட்டர் ஆவாள். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். உங்கள் கார்ல் எவர் என்று பிரித்துக்காட்ட, கூடவே மனைவியும் பிள்ளைகளும் நிற்கும் வீட்டுப் பதிவேடு வேண்டும்.

சொற்சுருக்கங்களைப் படிப்பதில் நிலைமை தலைகீழ். பிறப்புப் பதிவேட்டில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும், பழகிவிடலாம். ‘எச். எச்.’ (h. h.) என்றால் ‘அவருடைய மனைவி’, ‘ஊ ஏ’ (u ä) என்றால் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. வீட்டுப் பதிவேட்டில் கட்டம் குறுகல், எழுத்துக்கும் பஞ்சம். ‘டி’ (d) என்ற ஒற்றை எழுத்து மகளாக இருக்கலாம், இறந்தார் என்ற குறிப்பாக இருக்கலாம், தேதிக்கு முன்னால் வரும் வெறும் சுட்டுச் சொல்லாகவும் இருக்கலாம். ‘டி ஆர்’ (dr) மகளையும் குறிக்கும், பண்ணையாளையும் குறிக்கும். எழுத்தை முறைத்துப் பார்த்துப் பயனில்லை, அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் வரிசையில் தகப்பன் பெயர் இல்லாமல் நின்றால் அநேகமாக மகள். கீழே, சன் என்று முடியும் பெயரோடும் வேறொரு பிறந்த ஊரோடும் நின்றால் பண்ணையாள்.

இரண்டுக்கும் பொதுவான பொறி ஒன்று உண்டு, பதிவேடுகளை வகை பிரிக்க ஆவணக் காப்பகம் இடும் எழுத்துக் குறிகள். ஆங்கிலம் தெரிந்தவர் ‘பி’ (B) பிறப்பு, ‘டி’ (D) இறப்பு என்றே நினைப்பார். உண்மையில் ‘பி’ ஊர் மாறியவர்களின் பதிவேடு, ‘சி’ பிறப்பு, ‘இ’ (E) திருமணம், ‘எஃப்’ இறப்பு. ஆனால் புத்தகத்துக்குள்ளே சின்ன ‘எஃப்’ வந்தால் ‘பிறந்தவர்’ என்று பொருள்! மாதங்களிலும் கவனம் வேண்டும். 7 என்ற எண்ணோடு ‘பி ஆர்’ (br) சேர்ந்து வந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். 8, 9, 10 முறையே அக்டோபர், நவம்பர், டிசம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு, அதிலிருந்து வந்த பழக்கம் இது.

இரண்டு பதிவேடுகளும் முரண்பட்டால் தேதிக்குப் பிறப்புப் பதிவேட்டையே நான் எடுப்பேன். அது சம்பவத்தை ஒட்டி எழுதியது. வீட்டுப் பதிவேடு பழைய புத்தகத்திலிருந்து புதியதற்குப் படியெடுத்தது. 3 என்பது 8 ஆகிவிடும், அடுத்த புத்தகத்திலும் அந்த 8 தொடரும். வீட்டுப் பதிவேடு சொன்ன நாளில் பிறப்பு கிடைக்காவிட்டால் முன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளையும் புரட்டிப் பாருங்கள். பிறப்புப் பதிவேடு தீயில் போன ஊர்களில் வீட்டுப் பதிவேட்டுத் தேதியோடு நிற்க வேண்டியதுதான்.

எங்கே பார்ப்பது? ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம் 2018 முதல் இலவசம். அதில் பெரும்பகுதி மைக்ரோஃபிலிமிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். சந்தா கட்டிப் பார்க்கும் ஆர்க்கிவ் டிஜிட்டலில் வண்ணப் படங்கள். பெயரின் மேல் விழுந்த கோட்டையும் கீழே உள்ள எழுத்தையும் பிரித்தறிய வண்ணம் உதவுகிறது. இலவசத்தில் முட்டி நின்ற பிறகு பணம் கட்டினால் போதும். அதற்கு முன், புரியாத சுருக்கத்தை அப்படியே தாளில் வரைந்துகொண்டு நாலு பக்கம் முன்னும் பின்னும் போய் வாருங்கள். அதே போதகர் எங்காவது ஓரிடத்தில், கட்டத்தில் இடம் இருந்ததால், அதே சொல்லை முழுதாக எழுதியிருப்பார்.