எம்.பி. என்ன பேசினார்? சன்சத் தளமும் பி.ஆர்.எஸ். அட்டவணையும்: ஓர் அலசல்

"நாடாளுமன்றத்தில் இத்தனை நூறு கேள்வி கேட்டவர்" என்று எம்.பி. படத்தோடு சுவரொட்டி ஒட்டுகிறார்கள். அதைச் சரிபார்க்க இரண்டு இலவசச் சேவைகள் உண்டு. ஒன்று நாடாளுமன்றமே நடத்தும் சன்சத் டாட் இன். மற்றொன்று, டெல்லியில் 2005 முதல் இயங்கிவரும் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் 'எம்.பி. டிராக்' பக்கம். பி.ஆர்.எஸ். பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் எண்ணிக்கை கிடைத்துவிடும். எண்ணிக்கைக்குப் பின்னால் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க சன்சத் தளத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

பி.ஆர்.எஸ். பக்கத்தில் வருகைப்பதிவு, கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்ட முன்வரைவுகள்) என நான்கு எண்கள். பக்கத்திலேயே மாநில சராசரி, தேசிய சராசரி. தொலைபேசியில் பார்ப்பவருக்கும் சிரமமில்லாத அமைப்பு. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வருகைப்பதிவு என்பது அவையில் வருகையைப் பதிந்த நாட்களின் கணக்கு. பதிந்துவிட்டு உடனே கிளம்பியவருக்கும் அது ஒரு நாள்தான். அடுத்தது, அமைச்சர்கள் வருகையைப் பதிவதில்லை, கேள்வி கேட்பதுமில்லை; பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை. அதனால் அமைச்சரின் பக்கம் காலியாக இருப்பதைப் படம்பிடித்து "பாருங்கள், ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை" என்று பகிர்வது அறியாமை.

கேள்வி எண்ணிக்கைதான் ஆளை அதிகம் ஏமாற்றும். மக்களவையில் ஒரு நாளுக்கு, வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 வரை பட்டியலாகும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டுமே பதில். யாரும் எழுந்து பேச வேண்டியதில்லை. ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் எல்லார் பெயரையும் ஒரே கேள்வியின் தலையில் சேர்த்துவிடுவார்கள். அது ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். குறியிட்ட கேள்வியிலும் சிக்கல் உண்டு. ஒரு மணி நேரக் கேள்வி நேரத்தில் 20 கேள்விகளும் வாய்மொழிப் பதிலை எட்டுவதே அரிது, முதல் சிலவற்றோடு நேரம் தீர்ந்துவிடும். மீதிக்கு எழுத்துப் பதில்தான்.

இனி சன்சத் தளம். மக்களவைப் பகுதியில் 'கேள்விகள்' பக்கத்துக்குப் போய் எத்தனையாவது மக்களவை, எந்தக் கூட்டத்தொடர் என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு உறுப்பினர் பெயர், பிறகு அமைச்சகம். அமைச்சகத்தைத் தேர்ந்தெடுக்காமல் வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நம்மூர்ப் பெயர்களில் முன்னெழுத்து இடறும், சு. வெங்கடேசனின் 'சு' அங்கே ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருங்கியிருக்கும். பெயர் சிக்காவிட்டால் உறுப்பினர் பட்டியலை மாநிலம், தொகுதி வழியாகத் திறந்து, தளம் எழுதியிருக்கும் வடிவத்தை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

பதில் பி.டி.எஃப். ஆக இறங்கும். கோப்பின் பெயர் 'ஏ.எஸ்.' என்று தொடங்கினால் குறியிட்ட கேள்வி, 'ஏ.யு.' என்றால் குறியிடாதது. முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நூறு நாள் வேலை, ரேஷன், முதியோர் ஓய்வூதியம் போன்ற நலத்திட்டக் கேள்விகளில் உயிர் இருப்பது கடைசியிலுள்ள மாநிலவாரி இணைப்பில். அது சில நேரம் ஸ்கேன் படமாக இருப்பதால் எண்களை நகலெடுக்க முடியாது. கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

பலரும் தவறவிடும் ஒன்று: குறியிட்ட கேள்வியின் பி.டி.எஃப்.பில் அச்சிட்ட பதில் மட்டுமே இருக்கும். உறுப்பினர் எழுந்து கேட்ட துணைக் கேள்வி, அமைச்சர் தடுமாறிய இடம் இவையெல்லாம் அன்றைய விவாத அவைக்குறிப்பில்தான். நல்ல எம்.பி. யார் என்பது பெரும்பாலும் துணைக் கேள்வியில் தெரிந்துவிடும். முதல் கேள்வியை உதவியாளர் எழுதித் தரலாம், இரண்டாவதை அந்த இடத்திலேயே யோசித்தாக வேண்டும்.

அவைக்குறிப்பைப் படிக்கும்போது அடிக்குறிப்புகளை விடாதீர்கள். 'மேசையில் வைக்கப்பட்ட உரை' என்றிருந்தால் அது பேசப்படவே இல்லை. அவைத்தலைவர் நீக்கிய சொற்கள் இருந்த இடத்தில் நட்சத்திரம் மட்டும் நிற்கும். தமிழில் பேசியிருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அச்சாகியிருக்கும், மூல உரை தமிழ் என்று ஒரு வரிக் குறிப்போடு. ஆகவே தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடிப் பயனில்லை. மூல உரையைக் கேட்க வேண்டுமானால் அன்றைய தேதியைப் பிடித்து சன்சத் டிவி காணொளிக்குப் போங்கள். தமிழில் பேசுங்கள் என்று எம்.பி.க்களைக் கேட்கும் நாட்டில், பேசிய தமிழ் எழுத்தில் கிடைக்காதது இந்தச் சேவையின் பெரிய ஓட்டை.

பழைய விவாதங்களுக்கு நாடாளுமன்ற மின்நூலகம் தனியாக உண்டு; விடுதலைக்கு முந்தைய மத்திய சட்டமன்றக் குறிப்புகள் வரை அதில் இருக்கின்றன. பழைய அச்சை ஸ்கேன் செய்தது என்பதால் சொல்வழித் தேடல் கைவிடும், தேதிவழித் தேடல் கைகொடுக்கும். 1957 டிசம்பர் 16-ஐ எடுங்கள். எல்.ஐ.சி. பணத்தில் சுமார் ரூ.1.24 கோடி, தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் போடப்பட்டதை ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி அவையில் கிழித்துக் காட்டிய நாள் அது. ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன் வேறு. சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவை நடவடிக்கைகளை வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளித்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து பிறந்ததே. நெருக்கடிநிலையின்போது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசே அதை ரத்து செய்தது தனிக்கதை. அன்றைக்கு எம்.பி. டிராக் இருந்திருந்தால் அந்த டிசம்பர் உரை 'விவாதங்கள்: 1' என்றுதான் விழுந்திருக்கும்.

மசோதா எண்ணிக்கையும் அதேபோலத்தான். மாற்றுப் பாலினத்தவர் உரிமைக்கான திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-இல். அப்படியிருக்க, அவையில் நிறைவேறிய மசோதாவுக்கும், அறிமுகத்தோடு தூங்கிப்போன மசோதாவுக்கும் அட்டவணையில் ஒரே மதிப்பு.

இரண்டு சேவைகளும் காட்டாத இடம் குழுக்கள். பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், தணிக்கை அறிக்கைகளைப் பிரித்து மேய்வார்கள். கூட்டங்கள் மூடிய அறையில். அறிக்கையின் கடைசியில் இணைத்திருக்கும் கூட்டக்குறிப்பில் யார் வந்தார் என்பது தெரியும். என்ன கேட்டார் என்பது பெரும்பாலும் தெரியாது.

கடைசியாக, அதிகம் பேர் தொடாத ஒரு வசதி. "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் பதில் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நாடாளுமன்ற விவகார அமைச்சகத்தின் உறுதிமொழிக் கண்காணிப்புத் தளத்தில் அது நிலுவையா, நிறைவேறியதா என்று பார்க்கலாம். உங்கள் எம்.பி.யின் கேள்வி அங்கே நிலுவையில் கிடந்தால், கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.