நீங்களே பூட்டலாம் என்று விற்பார்கள், நீங்கள் பூட்டியதால் வொரண்டி இல்லை என்பார்கள்

கொழும்பில் காருக்கு ஆண்ட்ரொயிட் செட் (தொடுதிரை ரேடியோ), ஆம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி), ஸ்பீக்கர் வாங்கி வீட்டிலேயே பூட்ட நினைப்பவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருதரம் வாசியுங்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு கடை எங்களுக்குச் செய்ததை எழுதுகிறேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் தந்த வயரால் கார் எரிந்திருக்கலாம். அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா விட்ஸ். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்றாலும் புதிது எடுக்கிற நிலையில் நாங்கள் இல்லை. இருப்பதை நன்றாக வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். காரோடு வந்த ரேடியோ ஜப்பான் அலைவரிசைக்குச் செய்தது, 90க்கு மேலே போகாது. சூரியன், சக்தி எல்லாம் 100க்கு மேலே. காலையில் வேலைக்குப் போகும்போது தமிழில் செய்தி கேட்கக்கூட வழியில்லை. அதற்குத்தான் செட் மாற்றப் போனோம்.

கடைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார். “தம்பி, இது உங்கட காருக்கென்றே வந்த வயர் சொக்கெட். பிளக் அன்ட் பிளே. பூட்டுகிற பாஸுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை, நீங்களே பூட்டலாம்” என்றார். எனக்கு வயர் வேலை ஓரளவு தெரியும். சரி என்று ஒன்பது அங்குல ஆண்ட்ரொயிட் செட், ஒரு ஆம்ப், அதற்கான வயரிங் கிட் மூன்றையும் எடுத்தோம். செட்டின் பெட்டியில் 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு. ஆம்பின் மூடியில் 1800 வாட். கிட்டில் ‘4 கேஜ், சுத்தமான செம்பு’, அதாவது தடித்த செம்புக் கம்பி. இந்த மூன்றுமே பொய்.

முதலில் மாட்டிக்கொண்டது சொக்கெட். பூட்டி முடித்து, சாவியை எடுத்த பிறகும் திரை அணையவில்லை. கடைக்குப் போன் எடுத்தால், “ஆண்ட்ரொயிட் செட் அப்படித்தான் தம்பி, பட்டனை அமத்தி விடுங்க” என்றார். அமத்தினால் திரை இருண்டது, ஆனால் செட் உள்ளே விழித்துத்தான் இருந்தது. சனி, ஞாயிறு கார் ஓடாமல் நின்றால் திங்கள் காலை ஸ்டார்ட் எடுக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். சாவி எடுத்து எல்லாம் அடங்கிய பிறகு ஒரு கார் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். எங்களுடையது அரை ஆம்பியருக்கு மேலே இழுத்தது.

சொக்கெட்டின் பின்பக்கம் கறுப்பு டேப் தடிப்பாகச் சுற்றியிருந்தது. பிரித்தேன். மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் தோல் உரித்து ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன, ஈயம்கூட வைக்கவில்லை. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் வயர், நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைத்திருக்க. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டியது. இரண்டையும் சேர்த்தால் செட்டுக்குச் சாவி எடுத்தது தெரியவே தெரியாது. தெமட்டகொடையில் இருக்கிற எலக்ட்ரிக் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததுமே சொன்னார்: கடை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டுகிற செட்டுக்குத்தான் இப்படி முறுக்குவார்கள், அங்கே ஒரே ஒரு பிளஸ் வயர்தான் இருக்கும் என்று. அதாவது காட்சிக்கு வைத்திருந்த செட்டைப் பெட்டியில் போட்டு, புதிது என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். செட்டில் பாட்டுகளை ஏற்ற ஏற்ற, செட்டிங் பக்கம் நூறு ஜிபிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ‘இடமில்லை’ என்று நின்றுவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிற சிபியு-இசட் என்ற ஆப்பைப் போட்டுப் பார்த்தால் ரேம் 1 ஜிபி. திரையில் தெரிகிற எண்ணை மென்பொருளில் எப்படி வேண்டுமானாலும் எழுதிவிடலாம், ஆனால் இல்லாத இடத்தில் பாட்டை வைக்க முடியாது. ஆகவே எண்ணை நம்பாதீர்கள். பெரிய பென் டிரைவ் ஒன்றை நிரப்பிக் கொண்டுபோய், கடையிலேயே நின்று கொப்பி பண்ணிப் பாருங்கள்.

1800 வாட் ஆம்பின் பின்னால் இருந்தது 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும் உள்ளே போவதே 350 வாட். இந்த வகை ஆம்ப் அதில் பாதியைச் சூடாக்கிவிடும். மிச்சம்தான் சத்தம். ஃபியூஸைப் பார்த்துக் கணக்குப் போட ஒரு நிமிடம் போதும், மூடியில் என்ன எழுதியிருந்தாலும்.

உண்மையில் பயந்தது வயரைப் பார்த்துத்தான். பொனெட்டைத் திறந்தபோது பற்றரிப் பக்கத்து ஃபியூஸ் கூட்டின் பிளாஸ்டிக் இளகிக் கோணியிருந்தது. வயரைக் கழற்றி நுனியை வெட்டினோம். வெளியே பெருவிரல் தடிப்பில் ரப்பர், உள்ளே மெல்லிய கம்பிகள் கொஞ்சம். பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. பாஸ் ஓர் இழையை லைட்டர் நெருப்பில் பிடித்தார். உருகித் தொங்கி அறுந்தது. நல்ல செம்பு இழை சிவக்கும், அப்படி அறுந்து விழாது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், செம்புக்கு 1085 வேண்டும்.

செம்பு பூசிய அலுமினியம் செம்பு அளவுக்கு மின்சாரம் கொண்டுபோகாது. அது மட்டுமல்ல, ஸ்க்ரூவின் கீழே நாளடைவில் நசுங்கி இளகும், இளகிய இடம் சுடும். அதைவிட மோசம், கிட்டில் இருந்தது 100 ஆம்பியர் ஃபியூஸ். 25 ஆம்பியர் ஆம்புக்கு 30 போதும். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, வயரை. வயர் எங்காவது தோல் உரிந்து காரின் இரும்பு பொடியில் பட்டால், அந்த மெல்லிய கம்பி நெருப்பாகும் வரைக்கும் 100 ஆம்பியர் ஃபியூஸ் அறாமல் இருக்கும். அந்த வயர் போவது பின் சீட்டுக் கார்பெட்டின் அடியில். எங்கள் பிள்ளைகள் இருந்து பள்ளிக்கூடம் போகிற சீட் அது.

எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முறுக்கிய வயரையும், இளகிய கூட்டையும், வெட்டிய நுனியையும் மேசையில் வைத்தேன். அவர் எதையும் கையில்கூட எடுக்கவில்லை. “தம்பி, நீங்கதானே பூட்டினது. நாங்க பூட்டியிருந்தா பார்த்துக் குடுக்கலாம்.”

“நீங்களே பூட்டலாம் என்று சொன்னது நீங்கள்தானே அண்ணா?”

“அது பொதுவாச் சொல்றது. பில்லில இல்லையே.”

பில்லில் இருந்தது ‘கார் செட் 1’ என்று மட்டும். பெயர் இல்லை, மாடல் இல்லை, வொரண்டி பற்றி ஒரு சொல் இல்லை. கடை வாசலில் வைத்து ஒரு வருடம் என்று வாயால் சொன்னது வாயோடு போனது.

பஞ்சிகாவத்தையில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதே விட்ஸுக்கு பிரேக் பேட் முதல் ஹெட்லைட் வரை அங்கேதான் வாங்கியிருக்கிறோம், ஒரு குறையும் இல்லை. அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுப்பது இப்படிப்பட்ட கடைகள்தான்.

நீங்கள் போனால் பில்லில் மாடல், ரேம், சேமிப்பு, வொரண்டிக் காலம், ‘வாங்குபவரே பூட்டினாலும் வொரண்டி உண்டு’ என்ற வரி, இவை எழுதி முத்திரை குத்தும் வரை காசை நீட்டாதீர்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடவுங்கள். சொக்கெட்டில் டேப் சுற்றியிருந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். வயர் கிட் வாங்கும்போது நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், செம்பு விற்கிறவர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். மெயின் ஃபியூஸ் பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம், எந்தக் காரிலும் மஞ்சள் சொக்கெட் எயார் பேக்குடையது, அதில் மீட்டர்கூட வைக்காதீர்கள். பழைய செட்டைக் கொடுத்துவிடாதீர்கள். எங்களிடம் அது இருந்ததால்தான் இன்றைக்குக் காரில் ஏதோ ஒரு சத்தமாவது கேட்கிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், படங்களோடும் அந்த வெறும் பில்லோடும். அவர்களுடைய இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் “அடுத்த மாதம் வாங்க, பார்ப்போம்” என்று இழுத்தால் அந்த மூன்று மாதம் அப்படியே போய்விடும், இழுக்க விடாதீர்கள்.

இப்படியான கிட் ஒன்றை ஏற்கெனவே பூட்டியிருப்பவர்கள், பொனெட்டைத் திறந்து ஃபியூஸ் கூட்டைப் பாருங்கள். கோணியிருந்தாலோ, சுட்டாலோ, முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு ஆம்புக்குப் போகிற அந்த வயரைக் கழற்றி வையுங்கள். ஆம்ப் இல்லாமல் கார் ஓடும்.