குவெஸ்ட் 2 இருக்கிறவர் குவெஸ்ட் 3 வாங்கலாமா? காசு லென்ஸுக்கு, கோபம் ஸ்ட்ராப்புக்கு

மெட்டா நிறுவனத்தின் வி.ஆர். (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டான குவெஸ்ட் 3-இன் 512 ஜிபி மாடலின் விலை 2024 செப்டம்பரில் 650 டாலரிலிருந்து 500-க்கு இறங்கியது. அன்றிலிருந்து "குவெஸ்ட் 2 வைத்திருக்கிறேன், மாறலாமா?" என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை. அடுத்த மாதமே 300 டாலருக்கு அதன் மலிவுப் பதிப்பான 3எஸ் வந்து குழப்பத்தைக் கூட்டியது. சிப் எது, ரேம் எவ்வளவு என்பதெல்லாம் கேட்பவர்களுக்கே மனப்பாடம், அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. மாதக்கணக்கில் தலையில் மாட்டிக் கழற்றிய பிறகு பேச மிஞ்சுவது இரண்டு: ஒன்று லென்ஸ், மற்றது அந்த லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துவைக்க வேண்டிய ஸ்ட்ராப்.

லென்ஸை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லும்போது மனசு கொஞ்சம் நல்லபடியாக இருக்கும்.

குவெஸ்ட் 2-இல் இருப்பது ஃப்ரெனெல் லென்ஸ். பழைய இசைத்தட்டில் இருப்பது போல வட்ட வட்டமாக வரிப்பள்ளங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் போதும், அந்த வரிகளின் விளிம்பில் ஒளி சிதறி எழுத்திலிருந்து கதிர் கதிராகக் கிளம்பும். இதைவிடப் பெரிய தொல்லை, கூர்மை நடுவில் மட்டும்தான் என்பது. ஓரத்தில் இருப்பதைப் படிக்க விழியைத் திருப்பினால் மங்கல், தலையையே திருப்ப வேண்டும். ஹெட்செட் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நழுவினாலும் மொத்தமும் மங்கிவிடும். பழகிப்போனவர்களுக்கு இது குறையாகவே தெரியாது. தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்று கழுத்து தானாகக் கற்றுக்கொண்டிருக்கும்.

குவெஸ்ட் 3-இன் பேன்கேக் லென்ஸ் அந்தப் பழக்கத்தை உடைக்கிறது. தலை அசையாமல் விழியை மட்டும் ஓட்டி, மூலையில் இருக்கும் எழுத்தை அப்படியே படிக்கலாம். விமான சிமுலேட்டரில் இதன் அருமை தெரியும்: ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கண்ணைத் தாழ்த்தி உயரமானியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கார் பந்தய சிமுலேட்டரில் பக்கவாட்டுக் கண்ணாடியும் அப்படியே. கணினித் திரையைப் பெரிதாக விரித்து வேலை பார்ப்பவர்களுக்கும், படம் பார்ப்பவர்களுக்கும் மாற்றம் முதல் நிமிடத்திலேயே தெரியும். ஒரு கண்ணுக்கு 1832×1920 ஆக இருந்தது 2064×2208 ஆகியிருக்கிறது, கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல் பிக்சல். ஆனால் கண் உணரும் வித்தியாசம் அந்த 30-ஐவிடப் பெரியது. பிக்சல் கூடியது ஒரு பங்கு என்றால், இருக்கிற பிக்சலை ஓரம்வரை ஒழுங்காகக் காட்டுவது இரண்டு பங்கு.

கண்மணி இடைவெளியையும், அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்துவதையும் சொல்ல வேண்டும். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே படிகள். 65.5 இருப்பவர் எந்தப் படியில் நிற்பது? குவெஸ்ட் 3-இல் அடியில் இருக்கும் சக்கரத்தை உருட்டி 58 முதல் 71 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். குவெஸ்ட் 2-இல் அரை மணி நேரத்தில் கண் வலித்தவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் படிகள்தான். லென்ஸைக்கூட விட்டுவிடுங்கள், இதற்காக மட்டுமே மாறியவர்கள் இருக்கிறார்கள். தப்பு சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில்தான் 3எஸ்-இன் சங்கதி. சிப் குவெஸ்ட் 3-இல் இருப்பதேதான், 8 ஜிபி ரேம் அதேதான், வண்ண பாஸ்த்ரூவும் (கழற்றாமலே கேமரா வழியே வெளியே பார்க்கும் வசதி) உண்டு. ஆனால் லென்ஸ் ஃப்ரெனெல், திரை அதே 1832×1920, இடைவெளியும் அதே மூன்று படிகள். புதிதாக வி.ஆர். வாங்குபவருக்கு 2024-இன் 300 டாலர் விலையில் நல்ல சாமான். குவெஸ்ட் 2-இலிருந்து மாறுகிறவருக்கு, கண்ணுக்கு முன்னால் எதுவுமே மாறாது. அன்றைய 200 டாலர் வித்தியாசத்தின் பெரும்பங்கு லென்ஸுக்கும் அதன் பின்னாலுள்ள திரைக்கும்தான் போனது. பேட்மேன் ஆர்க்கம் ஷேடோ போல குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டில் மட்டுமே ஓடும் விளையாட்டுகள்தான் குறி என்றால் 3எஸ் போதும். குவெஸ்ட் 3-க்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

லென்ஸுக்கும் திருஷ்டி உண்டு. பேன்கேக்கில் ஒளி உள்ளேயே மடிந்து மடிந்து வருகிறது. அதனால்தான் முன்பகுதி இவ்வளவு ஒல்லி. வழியில் பாதி ஒளியை மட்டும் விடும் ஒரு பூச்சை இரண்டு முறை சந்திக்கிறது. பாதியில் பாதி, அதாவது கணக்குப்படி பார்த்தாலே கால்பங்குக்கு மேல் கண்ணுக்கு வந்து சேராது. அதை ஈடுகட்டத் திரை அதிகப் பிரகாசத்தில் எரிய வேண்டும். சராசரியாக 2.2 மணி நேரம்தான் பேட்டரி என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. இருட்டுக் காட்சியில் பிரகாசமான பொருள் வந்தால் அதன் பக்கத்தில் மெல்லிய நிழல் பிம்பம் தெரியும். திரை எல்சிடி என்பதால் கறுப்பு சாம்பலாகத்தான் இருக்கும். விண்வெளி விளையாட்டும் பேய்ப் படமும் மட்டுமே பார்க்கிறவருக்கு இந்த லென்ஸின் பெருமை பாதிதான் சேரும்.

கணினியோடு இணைத்து விளையாடுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். 30 சதவீதம் பிக்சல் கூடினால் கிராஃபிக்ஸ் கார்டின் வேலையும் கிட்டத்தட்ட அந்த அளவு கூடும். 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 ஃபிரேம் ஓடும்போது, ஒரு ஃபிரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். குவெஸ்ட் 2-க்கே 10 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டிருந்த கார்டு இங்கே மூச்சு வாங்கும். அப்போது 72 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், 13.9 மில்லிசெகண்ட் கிடைக்கும். சிமுலேட்டருக்கு அது போதும், தாளத்துக்கு ஏற்ப வாள் வீசும் பீட் சேபர் விளையாட்டுக்குப் போதாது. தெளிவுத்திறனைக் குறைத்து ஓட்டினால், கூர்மையான லென்ஸ் வழியே மங்கலான படத்தைப் பார்ப்பீர்கள். கூர்மையான லென்ஸில் மங்கல் இன்னும் நன்றாகவே தெரியும்.

வயர் இல்லாமல் ஓட்டுவதில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றே. கணினியும் வைஃபையில், ஹெட்செட்டும் வைஃபையில். ஒரே அலைவரிசையில் தரவு இரண்டு தடவை பறக்க வேண்டியிருப்பதால் படம் திக்கும். கணினியிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் போடுங்கள், ரவுட்டர் விளையாடும் அறையிலேயே இருக்கட்டும், 5 கிகாஹெர்ட்ஸில் ஹெட்செட்டைத் தவிர வேறு எதையும் விடாதீர்கள். 6 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அது சுவரைத் தாண்டினால் சோர்ந்துபோகும். ஏவி1 கோடெக்கில் (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) அனுப்பினால் அதே பிட்ரேட்டில் படம் சுத்தமாக வரும். அதற்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை அல்லது ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தைய கார்டு வேண்டும். பழைய கார்டு என்றால் ஹெச்இவிசி என்ற பழைய கோடெக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி ஸ்ட்ராப்.

515 கிராம் எடை, கிட்டத்தட்ட மொத்தமும் முகத்துக்கு முன்னால். அதைப் பிடிக்க, பின்னால் இரண்டாகப் பிரியும் ஒரு துணிநாடா. யானையை 500 டாலருக்கு விற்றுவிட்டு, அங்குசம், அதாவது நல்ல ஸ்ட்ராப், வேண்டுமென்றால் தனியாக 70 டாலர், பேட்டரி வைத்த அங்குசம் 130 டாலர் என்றார்கள். குவெஸ்ட் 2-இலும் இதே கதைதான். மூன்று வருடம் கழித்து வந்த, விலை கூடிய சாதனத்திலும் அதே நாடா. லென்ஸில் அவ்வளவு மூளையைச் செலவழித்தவர்கள் இதில் ஏன் கைவிட்டார்கள் என்று ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தோன்றும். ஓரம்வரை கூர்மையாக இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே கன்னத்து எலும்பைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. 40 நிமிடம் ஆனால் நெற்றியில் சிவப்புக் கோடு.

நாடாவிலேயே கொஞ்ச காலம் ஓட்டுவதென்றால் அதை மாட்டும் முறை முக்கியம். பெரும்பாலானவர்கள் பக்கவாட்டு நாடாவை இறுக்குவார்கள், அதுதான் முகத்தை அழுத்துகிறது. எல்லாவற்றையும் தளர்த்துங்கள். ஹெட்செட்டை முகத்தில் வைத்து, படம் தெளியும்வரை மேலும் கீழும் நகர்த்துங்கள். பின்பகுதியைப் பிடரிக்கு மேலே இருக்கும் எலும்பு மேட்டுக்குக் கீழே இறக்குங்கள். அடுத்து உச்சந்தலை நாடாவை இறுக்குங்கள், எடையைத் தாங்க வேண்டியது அதுதான். பக்கவாட்டு நாடாவைக் கடைசியில், தலையை ஆட்டினால் நழுவாத அளவுக்கு மட்டும். முகத்துப் பஞ்சுச் சட்டத்தின் உள்பக்கம் இருக்கும் பொத்தான்களை அழுத்தி ஆழத்தை நான்கு நிலைகளில் மாற்றலாம். கண்ணாடி போடாதவர்கள் லென்ஸ் கண்ணுக்கு மிக அருகில் வரும் நிலையில் வைத்தால் பார்வைக்களம் விரியும். இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் தள்ளி நின்றால் காரணம் தெரியாமலே கண் வலிக்கும்.

நிரந்தரத் தீர்வு, நெற்றியில் எடையைத் தாங்கும் வளைய வகை ஸ்ட்ராப், பின்னால் ஒரு பேட்டரி. 200 கிராம் அளவுள்ள 10,000 மில்லிஆம்ப்-ஹவர் பவர் பேங்கைப் பின்புறப் பையில் வைத்து, எல் வடிவ முனையுள்ள டைப்-சி கேபிளால் இணைத்தாலும் அதே பலன். மொத்த எடை கூடும், ஆனால் பாரம் முன்னும் பின்னும் சமமாவதால் கழுத்துக்கு லேசாகவே தெரியும். பவர் பேங்க் 18 வாட் பவர் டெலிவரி (பி.டி. என்ற வேக சார்ஜ் முறை) தருவதாக இருக்கட்டும். சாதாரண 5 வோல்ட் பவர் பேங்க் போட்டால், மாட்டியிருக்கும்போதே சார்ஜ் மெல்ல இறங்கும்.

கன்ட்ரோலர் ஒன்றுக்கு ஒரு டபுள் ஏ பேட்டரி. குவெஸ்ட் 2 கன்ட்ரோலரில் இருந்த வளையம் போனது நல்லதுதான், கைகள் இடித்துக்கொள்வதில்லை. 1.2 வோல்ட் நிக்கல் ரீசார்ஜபிள் போட்டால் முதல் நாளிலிருந்தே சதவீதம் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் போட்டால் கடைசிவரை முழுசு என்று காட்டிவிட்டு ஆட்டத்தின் நடுவே பொட்டென்று அணைந்துவிடும். இரண்டில் நிக்கலே மேல்.

வண்ண பாஸ்த்ரூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். காபி குடிக்கலாம், போனில் யார் அழைக்கிறார்கள் என்று பார்க்கலாம், விளக்கைக் குறைத்தால் புள்ளி புள்ளியாகும். அவ்வளவுதான்.

ஆக, குவெஸ்ட் 2 ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதா? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். லென்ஸைப் பற்றி மேலே சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் 2024-இல் 500 என்று எழுதியிருந்தது உண்மையில் 570, பேட்டரி ஸ்ட்ராப்போடு 630, ரவுட்டரும் மாற்றினால் அதற்கும் மேலே. பீட் சேபரும் உடற்பயிற்சியும்தான் என்றால் அந்தக் காசில் லென்ஸின் பங்கு கண்ணில் படவே படாது. வியர்வையில் ஆடும்போது ஓரத்து எழுத்தை யார் படிக்கிறார்கள்? சிமுலேட்டர்காரர்கள், கணினித் திரையை விரித்து வேலை பார்ப்பவர்கள், 65.5 போல இரண்டு படிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் ஆகிய மூன்று கூட்டத்துக்கு மட்டும் என் கோபத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழு வெள்ளைத் திரையிலும் முழுக் கறுப்புத் திரையிலும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்துவிடுங்கள். லென்ஸுக்குப் பின்னால் தூசி இருந்தாலும், எரிந்தே நிற்கும் பிக்சல் இருந்தாலும் அதில் தெரியும். கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் செருகியை உடனே ஆர்டர் செய்யுங்கள். குவெஸ்ட் 2-க்கு வாங்கியது இதில் பொருந்தாது. மூக்குக் கண்ணாடியோடு மாட்டினால் பிளாஸ்டிக் லென்ஸில் விழும் கீறல் போகவே போகாது. துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் கூடாது. ஆடி முடித்ததும் லென்ஸ் பக்கத்தை ஜன்னலுக்கு நேரே வைத்துவிட்டுப் போகாதீர்கள். சில நிமிட வெயிலை அந்த லென்ஸ் குவித்தால் போதும், திரை பொசுங்கிவிடும்.